லெவன் ப்ளஸ் எழுதப் போற குழந்தைய மனசளவுல தயார் பண்றது எப்படி: இங்கிலாந்துக்கு புதுசா வந்திருக்கற அப்பா அம்மாவுக்கு

வேலைக்குன்னு இங்கிலாந்து வந்து, வீடு பிடிச்சு, பிள்ளைய பக்கத்து பிரைமரில சேத்து, அப்பாடான்னு உக்காரும்போதுதான் யாராவது ஒரு பிறந்தநாள் பார்ட்டில "உங்க பொண்ணு இயர் 4 தானே, லெவன் ப்ளஸ்க்கு எங்க அனுப்பறீங்க"ன்னு கேப்பாங்க. லெவன் ப்ளஸ்னா, கிராமர் ஸ்கூல்ல சேர இயர் 6 (பத்து வயசு) ஆரம்பத்துல எழுதற பரீட்சை. அன்னைக்கு ராத்திரி ஆரம்பிக்கற தலைவலி ரெண்டு வருஷம் கழிச்சு, எந்த பள்ளின்னு தெரியற மார்ச் 1ஆம் தேதிதான் முடியும். எங்க வீட்ல இத ஒரு வழியா கடந்து வந்தாச்சு. கணக்குக்கு எந்த புக், வெர்பல் ரீசனிங்குக்கு (வார்த்தைய வச்சு யோசிக்கற கேள்வி) எந்த சார்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க, அதனால அத நான் தொடல. பத்து வயசு குழந்தை இந்த காலத்த தூக்கம் கெடாம, தன்னையே முட்டாள்னு நினைச்சுக்காம எப்படி தாண்டறதுங்கறத மட்டும் எழுதறேன். நான் பாத்த வரைக்கும் குழந்தையோட பயத்துல முக்கால்வாசி நம்மகிட்ட இருந்து ஒட்டிக்கறதுதான், நமக்கே எந்த தேதில என்ன நடக்கும்னு தெரியலன்னா அது குரல்ல தெரிஞ்சிடும், குழந்தைங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால தேதி, பேப்பர், காசு எல்லாத்தையும் கலந்துதான் சொல்லப் போறேன்.

1. உங்க ஏரியாவுல இது என்ன மாதிரி பரீட்சைன்னு முதல்ல பாருங்க

கிராமர் ஸ்கூல்னா அரசு பள்ளிதான், ஃபீஸ் கிடையாது, ஆனா இயர் 7ல (செகண்டரியோட முதல் வருஷம்) சேர பரீட்சை எழுதணும். இங்கிலாந்து முழுக்க மொத்தமே 163தான் இருக்கு, ஸ்காட்லாந்துலயும் வேல்ஸ்லயும் ஒண்ணு கூட கிடையாது. டிபெண்டன்ட் விசால இருக்கற பிள்ளைங்க எழுதலாமான்னு நிறைய பேர் தயங்கறாங்க, தாராளமா எழுதலாம், அரசு பள்ளிப் படிப்பு, வாங்கக்கூடாதுன்னு விசால போட்டிருக்கற "பப்ளிக் ஃபண்ட்ஸ்" (அரசு உதவித்தொகை) கணக்குல வராது.

இதுல ரெண்டு வகை இருக்கு, குழந்தைகிட்ட எப்படி பேசணும்ங்கறதே இதப் பொறுத்துதான் மாறும். கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் மாதிரி கவுன்ட்டி முழுக்க இந்த சிஸ்டம் இருக்கற இடங்கள்ல ஒரு மார்க்க தாண்டினா "தகுதி"ன்னு சொல்லுவாங்க, பக்கிங்ஹாம்ஷயர்ல அது 121, அதுக்கப்புறம் பெரும்பாலும் வீடு எவ்வளவு தூரம்ங்கற கணக்கு வரும். லண்டனச் சுத்தி இருக்கறது வேற கதை. சட்டன்ல அஞ்சு பள்ளி, கிங்ஸ்டன்ல டிஃபின்ங்கற பேர்ல ரெண்டு பள்ளி, பார்னெட்ல க்வீன் எலிசபெத்தும் ஹென்ரியட்டா பார்னெட்டும், ரெட்பிரிட்ஜ்ல இல்ஃபோர்ட் கவுன்ட்டியும் வுட்ஃபோர்ட் கவுன்ட்டியும், இங்கெல்லாம் பாஸ் ஆனா மட்டும் பத்தாது, ரேங்க்கும் பாப்பாங்க, சில இடத்துல ரேங்க்கோட முகவரியும் சேத்துப் பாப்பாங்க. ஒரு இடத்துக்குப் பல பேர் மோதற பரீட்சை இது, வகுப்புல முதல் மூணுல இருக்கற பிள்ளைக்கும் கிடைக்காமப் போறது இங்க சர்வ சாதாரணம். இத நீங்க முதல்ல நம்பணும், அப்புறம்தான் குழந்தைகிட்ட சொல்ல முடியும்.

இன்னொண்ணு, எங்க உக்காந்து எழுதறாங்கங்கறது. கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் பிரைமரில படிக்கற பிள்ளைங்க பெரும்பாலும் தன் பள்ளியிலயே தெரிஞ்ச முகங்களோட எழுதுவாங்க, பக்கிங்ஹாம்ஷயர்ல செவ்வாய்க்கிழமை ஒரு பிராக்டிஸ் டெஸ்ட் வச்சுட்டு வியாழக்கிழமைதான் நிஜ பரீட்சை. சட்டன் மாதிரி இடத்துல, தெரியாத பள்ளில, நூத்துக்கணக்கான பிள்ளைங்களோட வரிசைல நிக்கணும். ரெண்டாவது வகைன்னா பத்தாவது தலைப்ப நல்லா படிங்க.

ஆகஸ்ட்ல பிறந்த குழந்தையோட பெற்றோர் ரொம்ப கவலப்படுவாங்க, கிட்டத்தட்ட ஒரு வயசு பெரிய பிள்ளையோட போட்டி போடணுமேன்னு. பெரும்பாலான இடங்கள்ல வயசுக்கு ஏத்த மாதிரி மார்க்க சரி பண்ணிடுவாங்க. அத குழந்தைகிட்டயும் சொல்லுங்க.

2. எழுத வைக்கறதா வேணாமான்னு நேர்மையா முடிவு பண்ணுங்க

எல்லாரும் எழுதறாங்கன்னு எழுத வைக்கறதுதான் பாதி பிரச்சனைக்கு ஆரம்பம். இயர் 4 கடைசில, இல்ல இயர் 5 தொடக்கத்துல, பேரன்ட்ஸ் ஈவினிங்ல கிளாஸ் டீச்சர்கிட்ட நேராவே கேளுங்க. இந்த ஊர் டீச்சர்ங்க "ஷி இஸ் டூயிங் ஃபைன்"னு சிரிச்சுட்டு விட்ருவாங்க, நம்ம ஊர் மாதிரி முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க, அதனால "வயசுக்குரிய லெவல்ல இருக்காளா, அதுக்கு மேலயா, வாசிப்பு எப்படி"ன்னு குறிப்பா கேட்டாதான் பதில் வரும். பெரும்பாலான அரசு பிரைமரி இந்த பரீட்சைக்குன்னு தயார் பண்ண மாட்டாங்க, அவங்கமேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல.

பல இடங்கள்ல இந்த பரீட்சைய தயாரிக்கற ஜிஎல் அசெஸ்மென்ட் கம்பெனி வெப்சைட்ல இலவச மாதிரி பேப்பர் இருக்கு. ஒரு சனிக்கிழமை காலைல, டைமர் இல்லாம, பக்கத்துல உக்காந்து ஒண்ணு போட வைங்க. மார்க்க பாக்காதீங்க, முகத்த பாருங்க. புதிர் மாதிரி ரசிச்சு போடற குழந்தையும் இருக்கு, மூணாவது கேள்வில பென்சில தூக்கி போடற குழந்தையும் இருக்கு. தூக்கி போட்டா உடனே வேணாம்னு அர்த்தம் இல்ல, ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாருங்க, அப்பவும் அதேன்னா விட்ருங்க. கிராமர் ஸ்கூல் போகாம நல்லா படிச்ச பிள்ளைங்க இந்த நாட்ல ஏராளம். பல கிராமர் ஸ்கூல் ஜிசிஎஸ்இ (பதினாறு வயசுல எழுதற பரீட்சை) மார்க்க வச்சு இயர் 12ல வெளிப்பள்ளி பிள்ளைங்களையும் சேத்துக்குது, இத யாரும் சத்தமா சொல்றதில்ல.

முடிவு எடுக்கும்போது குழந்தையும் உக்காரணும். "நீ எழுதற"ன்னு அறிவிக்காம, "இப்படி ஒண்ணு இருக்கு, இவ்வளவு உழைப்பு, இவ்வளவு நாள், கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம், எழுதி பாக்கறியா"ன்னு கேளுங்க. நடுவுல நிறுத்தலாம்ங்கற கதவையும் திறந்து வைங்க. நிறுத்தலாம்னு தெரிஞ்ச குழந்தைதான் பெரும்பாலும் நிறுத்தாது.

3. கிராமர் இல்லாத பள்ளியையும் அதே ஆசையோட போய் பாருங்க

என்னைக் கேட்டா இந்த மொத்த விஷயத்துல ரொம்ப முக்கியமானது இதுதான், எல்லாரும் கோட்டை விடறதும் இதுலதான். நாம போய் பள்ளிய சுத்திப் பாக்கற ஓப்பன் ஈவினிங் சில பள்ளில ஜூன், ஜூலைல நடக்கும், சில பள்ளில செப்டம்பர், அக்டோபர்ல. இயர் 5லயே வெயில் காலத்துல போயிடுங்க, இயர் 6ல பரீட்சையும் ஓப்பன் ஈவினிங்கும் ஒண்ணு மேல ஒண்ணு விழும்.

கிராமர் ஸ்கூலுக்கு குடும்பமே நல்ல சட்டை போட்டுட்டு போறது, பக்கத்து காம்ப்ரிஹென்சிவ் (பரீட்சை இல்லாம சேக்கற) பள்ளிக்கு அம்மா மட்டும் ஆபீஸ்ல இருந்து வர்ற வழில எட்டிப் பாக்கறது, இத குழந்தை கவனிக்கும். நீங்க வாயத் திறக்கவே வேணாம், எது நல்ல பள்ளி எது மட்டமான பள்ளின்னு அதுக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. அப்புறம் மார்ச்ல அந்த "மட்டமான" பள்ளிதான் கிடைச்சுதுன்னா எப்படி தாங்கும்? அதனால அங்கயும் ரெண்டு பேரும் போங்க, சயின்ஸ் லேப், டிராமா ரூம், மைதானம் எல்லாம் காட்டுங்க, எந்த பஸ், எவ்வளவு நேரம்னு பாருங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு பள்ளிலயும் பிடிச்சது என்னன்னு அதையே சொல்ல விடுங்க.

பேசறதுக்கு வார்த்தை தேடறவங்களுக்கு, நாங்க வீட்ல சொன்னது ஏறக்குறைய இதான்: "அந்த பள்ளில இடம் கொஞ்சம், கேக்கறவங்க நிறைய. உன் வேலை படிச்சு எழுதறது. இடம் குடுக்கறது அவங்க வேலை. எது கிடைச்சாலும் செப்டம்பர்ல நீ ஒரு நல்ல பள்ளிக்கு போவ, அத நானும் அப்பாவும் ஏற்கனவே பாத்து வச்சுட்டோம்." ஒரு தடவ சொன்னா பத்தாது. பரீட்சைக்கு முந்தின வாரம் முதல் முறையா சொன்னா, "ஓ, எனக்கு கிடைக்காதுன்னு இவங்களே முடிவு பண்ணிட்டாங்க"ன்னுதான் காதுல விழும், இயர் 5ல இருந்தே சாதாரணமா சொல்லிட்டு வரணும்.

4. ரெஜிஸ்ட்ரேஷனும் அப்ளிகேஷனும் ரெண்டு வேற வேலை, குழப்பிக்காதீங்க

பரீட்சைக்கு பேர் குடுக்கறது இயர் 5 கடைசில. பெரும்பாலும் மே மாசத்துல இருந்து ஜூலை வரைக்கும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு தேதி, கென்ட்ல வழக்கமா ஜூன் 1ல இருந்து ஜூலை 1 வரைக்கும்தான். பக்கிங்ஹாம்ஷயர் அரசு பிரைமரில படிச்சா தானாவே பேர் சேந்துடும், மத்த எல்லாரும் நாமதான் பண்ணணும். தேதி தவறினா பெரும்பாலும் அவ்வளவுதான். இந்த பரீட்சைக்கு கட்டணம் கிடையாது, யாராவது "ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணி தரேன், இவ்வளவு குடுங்க"ன்னா திரும்பி பாக்காம வந்துடுங்க.

பள்ளிக்கு அப்ளை பண்றது தனி, அது இயர் 6ல, அக்டோபர் 31க்குள்ள, நீங்க குடியிருக்கற கவுன்சில் மூலமாதான், கிராமர் ஸ்கூல் வேற கவுன்சில்ல இருந்தாலும் சரி. லண்டன் பரோக்கள்ல (லண்டனுக்குள்ள இருக்கற கவுன்சில்கள்) ஆறு பள்ளி வரைக்கும் போடலாம். பரீட்சைல நல்ல மார்க் வாங்கிட்டு இந்த ஃபார்ம்ல அந்த பள்ளி பேர போடாம விட்டா இடம் கிடையாது. வரிசைய பத்தி வாட்ஸப்ல ஆயிரம் கதை ஓடும், நீங்க எத்தனாவதா போட்டீங்கன்னு வச்சு பள்ளி முடிவு பண்ணக்கூடாதுங்கறது விதி. உங்களுக்கு உண்மையா பிடிச்ச வரிசைலயே போடுங்க. கிடைக்க வாய்ப்பு இருக்கற பக்கத்து பள்ளி ஒண்ணு கட்டாயம் லிஸ்ட்ல இருக்கணும். ஆறையும் கிராமரா போட்டு எதுவும் கிடைக்கலன்னா, எங்கயோ மிச்சம் இருக்கற பள்ளிய கவுன்சில் தூக்கி குடுக்கும்.

கைல வச்சுக்க வேண்டியது: குழந்தையோட பர்த் சர்டிஃபிகேட் இல்ல பாஸ்போர்ட், கவுன்சில் டாக்ஸ் பில், வாடகை வீடுன்னா டெனன்சி அக்ரிமென்ட், சமீபத்துல எடுத்த போட்டோ (சில பள்ளி அப்லோட் பண்ண சொல்லும்). குறிப்பிட்ட தேதில எந்த முகவரில இருக்கீங்கங்கறத கணக்குல எடுப்பாங்க, நடுவுல வீடு மாறறதா இருந்தா விதிய படிச்சுட்டு மாறுங்க. இடத்துக்காக பொய் முகவரி குடுத்தா, கிடைச்ச இடத்த பிடுங்கவும் செய்வாங்க.

குழந்தைக்கு டிஸ்லெக்சியா, காது கேக்கறதுல பிரச்சனை, சர்க்கரை நோய் மாதிரி ஏதாவது இருந்தா, கூடுதல் நேரமோ பெரிய எழுத்து பேப்பரோ ரெஜிஸ்டர் பண்ணும்போதே கேக்கணும். டாக்டர் லெட்டர், பள்ளில சிறப்பு உதவி தேவைப்படற பிள்ளைங்கள கவனிக்கற சென்கோ டீச்சரோட லெட்டர் கேப்பாங்க, அது வர வாரக்கணக்காகும், அதனால ஏப்ரல்லயே ஆரம்பிங்க. நம்மாளுங்க இத வெளில சொல்ல வெக்கப்படறாங்க, கஷ்டப்படறது குழந்தைதான். கடந்த ஆறு வருஷத்துல வருமானத்த வச்சு இலவச பள்ளி சாப்பாடு வாங்கின குழந்தைக்கு பல கிராமர் ஸ்கூல் முன்னுரிமை தருது, அதையும் விசாரிங்க.

5. யாருக்கெல்லாம் சொல்றதுன்னு கணவனும் மனைவியும் பேசி முடிவு பண்ணிக்கோங்க

ஊர்ல தாத்தா பாட்டி, சித்தப்பா, கோயில்ல பாக்கற ஆன்ட்டி, தமிழ் ஸ்கூல் வாசல்ல நிக்கற அங்கிள், எல்லாருக்கும் தெரிஞ்சா எல்லாரும் கேப்பாங்க. வீடியோ கால்ல தாத்தா ஆசையா "என் பேரன் ஃபர்ஸ்ட் வருவான்"னு சொல்றது அன்புதான், பத்து வயசு தலைல அது அஞ்சு கிலோ பாரம். தாத்தா பாட்டிகிட்ட முன்னாடியே தனியா சொல்லிடுங்க: "மாமா, பரீட்சைய பத்தி கேக்காதீங்க, நீச்சல் எப்படி போகுதுன்னு கேளுங்க." பெரியவங்க புரிஞ்சுப்பாங்க. சில பேருக்கு ரெண்டு தடவ சொல்லணும்.

மத்தவங்களுக்கு நான் குடுத்த பதில் "ட்ரை பண்றா, பாக்கலாம்". எந்த பள்ளி, எந்த தேதி, எந்த ட்யூஷன் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. பெத்தவங்க வாட்ஸப் குரூப்ல ரெஜிஸ்ட்ரேஷன் தேதி மாதிரி உருப்படியான தகவல் வரும், கூடவே "என் பையன் மாக்ல (மாதிரி பரீட்சை) 94%"ம் வரும். ம்யூட் பண்ணி வைங்க, வாரத்துல ஒரு தடவ பாத்தா போதும். குழந்தை பக்கத்துல இருக்கும்போது அந்த குரூப்ப திறக்கவே திறக்காதீங்க, நம்ம முகம் மாறறத அது பாத்துட்டே இருக்கும்.

அக்கா பிள்ளை, தங்கச்சி பிள்ளை ஒரே வருஷம் எழுதறாங்கன்னா இன்னும் சிக்கல். பெரியவங்க முதல்லயே பேசி, பிள்ளைங்க மார்க்க நமக்குள்ள பகிர்ந்துக்கறதில்லன்னு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கோங்க.

6. காசு எவ்வளவு ஆகும், அத குழந்தைக்கு எப்படி தெரியாம பாத்துக்கறது

பிராக்டிஸ் புக் ஒண்ணு பத்து பவுண்டு பக்கம், லைப்ரரிலயும் கிடைக்கும், போன வருஷம் எழுதினவங்ககிட்டயும் வாங்கலாம். குரூப் ட்யூஷன் மணிக்கு 15ல இருந்து 25 பவுண்டு, தனி ட்யூஷன் 30ல இருந்து 60, மாக் டெஸ்ட் ஒண்ணு 40ல இருந்து 80 பவுண்டு வரைக்கும் நான் விசாரிச்ச இடங்கள்ல சொன்னாங்க, ஏரியாவப் பொறுத்து மாறும். தனி ட்யூஷன் ரெண்டு பாடத்துக்கு ஒன்றரை வருஷம்னா சில ஆயிரம் பவுண்டு தாண்டிடும். ட்யூஷன் இல்லாம வீட்லயே சொல்லிக் குடுத்து இடம் வாங்கினவங்களையும் எனக்கு தெரியும், ஆனா அதுக்கு பொறுமை வேணும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல யாருக்கு பொறுமை இருக்குங்கறது அவங்கவங்க வீட்டு நிலவரம்.

எவ்வளவு செலவானாலும், "உனக்காக இவ்வளவு காசு கொட்டறோம்"ங்கற வரி மட்டும் வாயில வந்துடக்கூடாது. எரிச்சல்ல வர்ற வரிதான், ஆனா குழந்தை அத வருஷக்கணக்கா வச்சிருக்கும். அதுக்காகவே, குடும்பத்துக்கு வலிக்காத தொகை எதுவோ அத முன்னாடியே முடிவு பண்ணி அதுக்குள்ளயே நில்லுங்க.

பரிசும் அப்படித்தான். "பாஸ் ஆனா ஐபேட்"னு சொன்னா, ஆகலன்னா ஐபேடும் போச்சு, பள்ளியும் போச்சு, அப்பா அம்மா சந்தோஷமும் போச்சுன்னு மூணு நஷ்டம். பரிசு குடுக்கறதா இருந்தா பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே குடுங்க, ரிசல்ட்டுக்கு சம்பந்தமே இல்லாம.

7. மாக் டெஸ்ட்ட எதுக்கு எழுதறோம்னு தெரிஞ்சு எழுத வைங்க

கூட்டமான ஹால், தெரியாத டீச்சர், கடிகாரம், தனி விடைத்தாள், இதெல்லாம் பழகறதுக்குத்தான் மாக். முதல் மாக் இயர் 5 ஈஸ்டருக்கு அப்புறம் போதும், மொத்தமா நாலஞ்சுக்கு மேல தேவையே இல்லங்கறது என் கருத்து, வாராவாரம் எழுதற பிள்ளைங்க ஆகஸ்ட்லயே சலிச்சு போயிடுவாங்க.

ரிசல்ட் வந்ததும் ரேங்க் போட்ட மெயில் வரும், "437ல 212"னு. அந்த மெயில நீங்க தனியா படிங்க. குழந்தைக்கு ரெண்டே விஷயம் சொல்லுங்க, எது நல்லா வந்துச்சு, அடுத்து எத பாக்கலாம். கடைசி பத்து கேள்விக்கு நேரம் பத்தலன்னா அது சரி பண்ணக்கூடிய விஷயம், விடைத்தாள்ல ஒரு வரிசை தள்ளி குறிச்சுட்டா அதுவும் சரி பண்ணலாம். ரேங்க்க வச்சு என்ன பண்ண முடியும்? பல மாக் கம்பெனிங்க நிஜ பரீட்சைய விட கஷ்டமா கேப்பாங்க, பெத்தவங்க பயந்தாதான் அடுத்த கோர்ஸ் விக்கும்.

தெரியாத கேள்விக்கு என்ன பண்றதுங்கறத பழக்கமாவே ஆக்குங்க: ஒரு தடவ படி, வரலன்னா கோடு போட்டு அடுத்ததுக்கு போ, கடைசில நேரம் இருந்தா திரும்பி வா, அப்பவும் வரலன்னா ஒண்ண குறிச்சுட்டு வா. பெரும்பாலான இடங்கள்ல தப்புக்கு மார்க் குறைக்கறதில்ல. எல்லா கேள்வியும் யாருக்கும் தெரியாதுன்னு அதுக்கு தெரியணும். பள்ளில எப்பவும் நூத்துக்கு நூறு வாங்கற பிள்ளைங்கதான் இங்க முதல் தெரியாத கேள்வில உறைஞ்சு போயிடுவாங்க.

8. வாயால சொல்லாது, உடம்பு சொல்லும்

ட்யூஷன் நாள்ல மட்டும் வயித்து வலி, ராத்திரி தூக்கம் வராம கட்டில்ல புரள்றது, நகம் கடிக்கறது, தம்பிய காரணமில்லாம அடிக்கறது, தப்பு போட்டா பேப்பர கிழிக்கறது, "நான் ஒரு முட்டாள்"னு முணுமுணுக்கறது. ஒண்ணு ரெண்டு நாள்னா பரவால்ல, ரெண்டு மூணு வாரம் தொடர்ந்துச்சுன்னா வேகத்த குறைங்க. ஒரு வாரம் எல்லா புக்கையும் அலமாரில வச்சு மூடுங்க, ஒரு வாரத்துல எதுவும் மறந்து போயிடாது.

நீச்சல், பரதம், கிரிக்கெட், தமிழ் ஸ்கூல் எல்லாத்தையும் லெவன் ப்ளஸ்க்காக நிறுத்தறது ரொம்ப பேர் பண்ற வேலை. குழந்தைக்கு "நான் நல்லா பண்றேன்"னு தோணற இடம் ஒண்ணாவது மிச்சம் இருக்கணும், கணக்குல அடி வாங்கின அன்னைக்கு அதுதான் தாங்கும். வேணும்னா குறைங்க, முழுசா எடுக்காதீங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல பேப்பர் வேணாம்.

அப்பவும் சரியாகலன்னா கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லுங்க, ஜிபிகிட்டயும் (குடும்ப டாக்டர்) போகலாம். யங் மைண்ட்ஸ்னு ஒரு தொண்டு நிறுவனம் பெத்தவங்களுக்கு இலவச ஹெல்ப்லைன் வச்சிருக்கு. குழந்தை தானே பேசணும்னா சைல்ட்லைன் நம்பர் 0800 1111, காசு கிடையாது, பில்லுலயும் வராது. ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைக்கலாம், பரீட்சை இருந்தாலும் இல்லாட்டியும்.

9. ஆகஸ்ட்ல ஊருக்கு போற பிளான் இருந்தா

பரீட்சை செப்டம்பர்ல, பள்ளி திறந்த ரெண்டாவது மூணாவது வாரத்துலயே வந்து நிக்கும். நம்ம வருஷாந்திர ஊர் பயணம் ஜூலை கடைசில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும். டிக்கெட்டும் அப்பதான் ஆகாச விலை. ஊருக்கு போகவே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு வருஷமா பாட்டிய பாக்க காத்திருக்கற குழந்தைகிட்ட "பரீட்சை இருக்கு, போகல"ன்னா அந்த பரீட்சை மேலயே வெறுப்பு வரும். ஈஸ்டர் லீவுல போக முடியும்னா போங்க. இல்லன்னா பள்ளி லீவு விட்ட அன்னைக்கே கிளம்பி ஆகஸ்ட் நடுவுல திரும்பிடுங்க, ஜெட் லேக், வயிறு, காய்ச்சல் எல்லாம் அடங்க ரெண்டு மூணு வாரம் கைல இருக்கணும். ஊர்ல படிக்க வைக்கறேன்னு சூட்கேஸ் நிறைய புக் தூக்கிட்டு போகாதீங்க, சொந்தக்காரங்க வீட்ல அது நடக்கவே நடக்காது. ஒரு கதை புக், தினம் இருபது நிமிஷம், போதும்.

10. பரீட்சைக்கு முந்தின வாரமும் அந்த நாளும்

தெரியாத பள்ளில எழுதறதா இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை அந்த பஸ்லயோ கார்லயோ அங்க வரைக்கும் போய் பள்ளி வாசல காட்டிட்டு வாங்க. கார் நிறுத்த இடம் இருக்காது, அன்னைக்கு அந்த தெருவே அடைச்சு கிடக்கும், அதனால பத்து நிமிஷ நடை தூரத்துல எங்க நிறுத்தலாம்னும் பாத்துக்கோங்க. உள்ள நம்மள விட மாட்டாங்க, குழந்தை தனியா போய் வரிசைல நின்னு, பேர் சொல்லி, நம்பர் வாங்கி, தெரியாத பிள்ளை பக்கத்துல உக்காரணும். இத ஒவ்வொரு கட்டமா முன்னாடியே சொல்லிடுங்க. டாய்லெட் போகணும்னா கைய தூக்கலாம், மூக்குல ரத்தம் வந்தா கைய தூக்கலாம், பென்சில் உடைஞ்சாலும் கைய தூக்கலாம். நம்ம பிள்ளைங்க கேக்க கூச்சப்பட்டு அடக்கிட்டு உக்காந்திருப்பாங்க, வீட்லயே ரெண்டு தடவ இங்கிலீஷ்ல சொல்லி பழக்குங்க. முள் கடிகாரம் பாக்க தெரியுமான்னும் ஒரு தடவ பாத்துடுங்க, ஹால்ல மாட்டியிருக்கறது பெரும்பாலும் அதுதான், ஸ்மார்ட் வாட்ச் உள்ள விட மாட்டாங்க.

கடைசி ரெண்டு நாள் பேப்பர் வேணாம். காலைல என்னைக்கும் சாப்பிடறத குடுங்க, இட்லின்னா இட்லி, சீரியல்னா சீரியல், அன்னைக்குன்னு ஸ்பெஷலா பூரி போட்டு வயித்த கெடுக்காதீங்க. பென்சில், ரப்பர், லேபிள் இல்லாத தண்ணி பாட்டில், கண்ணாடி, இன்விடேஷன் லெட்டர் பிரின்ட். சாமி கும்பிடறது வழக்கம்னா கும்பிட்டு கிளம்புங்க, அன்னைக்குன்னு புதுசா பெரிய பூஜையா பண்ணினா "ஏதோ பெரிய ஆபத்து"ன்னுதான் குழந்தைக்கு தோணும்.

உடம்பு சரியில்லன்னா அனுப்பாதீங்க. இது பெரிய பொறி. காய்ச்சலோட எழுதிட்டு அப்புறம் சொன்னா பெரும்பாலும் எடுபடாது. பரீட்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பள்ளிக்கோ கவுன்சிலுக்கோ போன், மெயில் ரெண்டும் பண்ணுங்க, இதுக்குன்னே மாத்து தேதி வச்சிருப்பாங்க, டாக்டர் சான்று கேக்கலாம்.

வெளில வந்ததும் "எப்படி இருந்துச்சு, எத்தன விட்ட, அந்த கேள்விக்கு என்ன போட்ட"ன்னு கேக்காதீங்க. "பசிக்குதா"ன்னு கேளுங்க. அது தானா சொன்னா கேட்டுக்கோங்க. வாசல்லயே விடைய ஒப்பிட்டுட்டு நிக்கற கூட்டத்துல நிக்காம நேரா சாப்பிட போங்க. சட்டன் பக்கம் மாதிரி சில இடங்கள்ல முதல் ரவுண்ட்ல தேறினவங்களுக்கு ரெண்டாவது ரவுண்ட் இருக்கும், அது இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும், இல்லன்னா "முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே"ன்னு அழும், அதுல நியாயம் இருக்கு.

11. ரிசல்ட் மெயில்

பெரும்பாலும் அக்டோபர் நடுவுல வரும், ஃபார்ம் குடுக்கற கடைசி தேதிக்கு முன்னாடி. நாள் முன்னாடியே தெரியும். பெரும்பாலும் பள்ளி நாளாதான் இருக்கும், நீங்க மெயில பாக்கற நேரத்துல குழந்தை வகுப்புல இருக்கலாம், வெளில வரும்போது பிளேகிரவுண்ட்லயே யாராவது பெத்தவங்க கத்தலாம். அதனால முன்னாடியே குழந்தைகிட்ட கேட்டு வைங்க: எங்க சொல்லட்டும், கார்லயா வீட்லயா, தம்பி முன்னாடியா தனியாவா. அது சொல்றபடி செய்யுங்க. மெயில முதல்ல பெரியவங்க படிங்க, உங்க அழுகைய நீங்க முதல்ல முடிச்சுக்கோங்க.

தேறலன்னா நேரா சொல்லுங்க, சுத்தி வளைக்காதீங்க: "மார்க் அவங்க கேட்டத விட கொஞ்சம் குறைவு, அதனால அந்த பள்ளி இல்ல. நாம பாத்தோம்ல, அந்த பள்ளிக்கு போடறோம்." அழுதா அழட்டும். "பரவால்ல பரவால்ல"ன்னு உடனே மூட வேணாம், "அந்த பரீட்சையே சரியில்ல"ன்னு திட்டவும் வேணாம். ஒரு கேள்வி கட்டாயம் வரும், "உங்களுக்கு கோவமா?" அதுக்கு பதில் யோசிச்சு வச்சிருங்க, ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்லணும்.

தேறினாலும் ஸ்டேட்டஸ் போடாதீங்க. ஒண்ணு, இன்னும் இடம் கிடைக்கல, மார்க்தான் வந்திருக்கு. ரெண்டு, உங்க பிள்ளையோட உயிர்த் தோழி தேறாம இருக்கலாம், அவங்க ரெண்டு பேரும் ஜூலை வரைக்கும் ஒரே வகுப்புல உக்காரணும். நாளைக்கு பள்ளில கேட்டா என்ன சொல்றதுன்னு சொல்லிக் குடுங்க, "எங்க வீட்ல அத பத்தி இன்னும் பேசிட்டு இருக்கோம்"னு சொன்னா போதும்.

12. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும், அதுக்கு அப்புறம்

ஃபார்ம் குடுத்தாச்சுன்னா நாலு மாசம் செய்ய ஒண்ணும் இல்ல. பெத்தவங்களுக்குத்தான் இது கஷ்டம், போன வருஷம் எந்த மார்க் வரைக்கும் இடம் போச்சுன்னு தினம் ஆராய்ச்சி பண்ணுவாங்க. குழந்தை முன்னாடி வேணாம். இயர் 6 பிள்ளைங்க பிரைமரிலயே எழுதற, மே மாசம் வர்ற சாட்ஸ் பரீட்சைக்கும் செகண்டரி இடத்துக்கும் சம்பந்தம் இல்ல, அதுக்குன்னு மறுபடி ட்யூஷன் ஆரம்பிக்காதீங்க.

மார்ச் 1, லீவு நாளா வந்தா அடுத்த வேலை நாள், கவுன்சில்ல இருந்து ஒரே ஒரு பள்ளி பேர் வரும். எதுவா இருந்தாலும் அக்செப்ட் பண்ணுங்க, அக்செப்ட் பண்ணினா உங்க லிஸ்ட்ல அதுக்கு மேல இருக்கற பள்ளியோட வெயிட்டிங் லிஸ்ட்ல இடம் போயிடாது. வேணாம்னு தட்டிவிட்டா கைல இருக்கறதும் போயிடும், வேற பள்ளி தேடித்தர கவுன்சிலுக்கு அவசரம் இருக்காது. லண்டன்ல பதில் சொல்ல வழக்கமா மார்ச் 15 கடைசி.

இடம் தரலங்கற முடிவ எதிர்த்து போடற அப்பீல் இலவசம், போட குறைஞ்சது 20 பள்ளி நாள் டைம் தருவாங்க. பள்ளி ரிப்போர்ட், டீச்சர் லெட்டர், பரீட்சை சமயத்துல நோயோ துக்கமோ இருந்துச்சுன்னா அதுக்கு ஆதாரம், இதெல்லாம் இருந்தா போடலாம், "என் பிள்ளை நல்லா படிப்பா"ங்கறது மட்டும் பத்தாது. அப்பீல் விசாரணைக்கு குழந்தை வர வேண்டியதில்ல. வெயிட்டிங் லிஸ்ட்டும் அப்பீலும் ஜூலை வரைக்கும் கூட இழுக்கும், அது வரைக்கும் குழந்தைய ரெண்டு பள்ளிக்கும் நடுவுல தொங்க விடாதீங்க, கிடைச்ச பள்ளியோட யூனிஃபார்ம் கடை எது, இண்டக்ஷன் டே (புது பிள்ளைங்களுக்கு பள்ளிய பழக்கற நாள்) எப்போன்னு பாத்து அதுக்கு கூட்டிட்டு போங்க. பிளேசர் மட்டும் பேர் தைக்காம, பில்லோட, ஆகஸ்ட்ல வாங்குங்க, இடம் மாறினா திருப்பி குடுத்துக்கலாம்.